குழந்தையின் முரசில் (ஈறில்) கட்டி: பார்க்கும் முறை, வகை பிரிக்கும் முறை, வைத்தியம்

மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற படகை நாங்கள் பாதை என்போம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஆசுபத்திரிக்கு வருகிற பலர் அதில்தான் வருகிறார்கள். ஒரு நாள் காலை அந்தப் பாதையில் வந்திறங்கிய ஓர் அம்மம்மா, பன்னிரண்டு நாள் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். "இஞ்ச பாருங்க மகள், புள்ளைக்கு முரசில பல்லு முளைச்சிட்டு. ஒண்டில்ல, நாலு" என்றார். குழந்தையின் தாய் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

வாயைத் திறந்து பார்த்தேன். கீழ் முரசின் மேட்டில் குரக்கன் மணி அளவில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். பல் இல்லை. தானாகவே போய்விடுகிற சின்ன நீர்க்கட்டிகள். ஆனால் அவற்றைச் சுற்றி முரசு முழுவதும் தோலுரிந்து செக்கச்சிவந்து கிடந்தது. ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டு, உப்புத் தொட்ட துணியால் மூன்று நாள் தேய்த்திருக்கிறார்கள். எரிச்சலில் குழந்தை பால் குடிக்காமல், பிறந்த எடையிலிருந்தும் இறங்கிவிட்டிருந்தது. அந்தக் கட்டிகளால் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. தேய்த்ததால்தான் எல்லாத் தொந்தரவும்.

நான் பல் வைத்தியர். இந்தக் காட்சியை வேறு வேறு வடிவங்களில் பலமுறை பார்த்துவிட்டேன். சில வீடுகளில் ஊசி, சில வீடுகளில் நகம், சில வீடுகளில் வெங்காரம் (போராக்ஸ்). இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. உடனே காட்டவேண்டிய ஒரு கட்டியை, "பல் வரப்போகுது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இரண்டையும் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி. தாய், தகப்பன், அம்மம்மா, மருத்துவமாது யாரும் வாசித்துப் பயன்படுத்தலாம். கடைசித் தீர்ப்பு வைத்தியருடையதுதான். ஆனால் அவரிடம் எப்போது போவது, போய் என்ன சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. (தமிழ்நாட்டில் ஈறு என்பதை நாங்கள் முரசு என்கிறோம். கட்டுரை முழுக்க அதே சொல்தான்.)

முதலாவது: சரியாகப் பார்ப்பது

பாதிப் பயம் சரியாகப் பார்க்காததால் வருகிறது. குழந்தை அழும்போது வாய் திறக்கும், அந்த ஒரு நொடியில் ஏதோ வெள்ளையாகத் தெரியும், வீடு முழுக்க பதற்றம் பரவும். அதனால் நிதானமாகப் பாருங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பால் குடித்த உடனே பார்க்கவேண்டாம், கக்கிவிடும். கடும் பசியில் இருக்கும்போதும் வேண்டாம். இரண்டு பேர் கதிரையில் எதிரெதிரே, முழங்கால் முட்டும்படி உட்காருங்கள். குழந்தையை இருவர் மடியிலும் நீளமாகக் கிடத்துங்கள். தலை பார்ப்பவர் மடியில், கால்கள் மற்றவர் மடியில். மற்றவர் குழந்தையின் கைகளை மெதுவாகப் பிடித்துக்கொள்வார். பல் வைத்தியர்கள் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதும் இதே முறையில்தான். போன் டோர்ச் போதும், கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

சுட்டுவிரலால் மேலுதட்டை மெல்லத் தூக்கி மேல் முரசின் வெளிப்பக்கம், அதன் மேடு, உட்பக்கம், அண்ணாக்கின் (வாயின் மேற்கூரையின்) நடுக்கோடு என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு கீழ் முரசு. கடைசியாக நாக்கைச் சற்று உயர்த்தி அடியில். சுட்டுவிரலின் நுனிச் சதையால் முரசு மேட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக வருடிக்கொண்டு போங்கள். கட்டி கல்லுப் போல இருக்கிறதா, பஞ்சு போலவா, தண்ணீர் நிறைந்த பை போலவா என்று விரல் சொல்லிவிடும். தனியாக ஆடுகிறதா, முரசோடு சேர்ந்து இருக்கிறதா என்பதும் தெரியும். கிள்ளக் கூடாது. அமுக்கிப் பார்க்கவும் கூடாது.

அப்புறம் ஒரு படம் எடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். கட்டி வளர்கிறதா என்ற கேள்விக்கு மனிதருடைய ஞாபகத்தை நம்பமுடியாது. பயந்த கண்ணுக்கு எல்லாம் வளர்ந்ததாகத்தான் தெரியும். என்னிடம் வருகிற தாய்மார் திகதியோடு நான்கு படங்களைக் காட்டும்போது, எனக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது: நான்கு கேள்விகள்

எப்போது வந்தது? பிறக்கும்போதே இருந்ததா, முதல் சில வாரத்திலா, ஆறு மாதத்தை ஒட்டியா? எங்கே இருக்கிறது? முரசு மேட்டிலா, அண்ணாக்கின் நடுவிலா, நாக்கின் அடியிலா? நிறம், தொடுகை, வேர் எப்படி? ஒரு காம்பில் தொங்குகிறதா, அகலமாக ஒட்டியிருக்கிறதா? வளர்கிறதா? வளர்கிறதென்றால் எவ்வளவு வேகமாக?

வைத்தியரும் இந்த நான்கையும் வைத்துத்தான் முதலில் யோசிக்கிறார். இவற்றோடு, குழந்தை பால் குடிப்பது எப்படி, எடை ஏறுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எடைக்கோடு இருக்கிறதே, அது எனக்கு எக்ஸ்ரே மாதிரி. கோடு மேலே போய்க்கொண்டிருந்தால், கீழே சொல்லப்போகிற காத்திருக்கக் கூடாதவை தவிர மற்றவற்றைப் பொறுமையாகப் பார்க்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது: எது என்று பிரிப்பது

வெள்ளை முத்துகள்

பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் அதிகமானோருக்கு இவை இருக்கும். ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் அளவு. வெள்ளை அல்லது இளமஞ்சள். தனியாகவோ, மணி கோர்த்ததுபோல வரிசையாகவோ இருக்கலாம். இடத்தை வைத்து மூன்று பெயர்கள். அண்ணாக்கின் நடுக்கோட்டில் இருந்தால் எப்ஸ்டைன் முத்து. பிராக் நகரத்துக் குழந்தை வைத்தியர் அலோய்ஸ் எப்ஸ்டைன் 1880இல் எழுதிவைத்ததால் அந்தப் பெயர். முரசின் வெளிப்பக்கத்திலோ உட்பக்கத்திலோ இருந்தால் போன் முடிச்சு, இதை விவரித்தவர் ஹைன்றிக் போன், 1866இல். முரசின் உச்சி மேட்டில் இருந்தால் பல்மூலத் தகட்டு நீர்க்கட்டி. அந்த அம்மம்மா கொண்டுவந்த குழந்தைக்கு இருந்தது இந்த மூன்றாவது.

ஏன் வருகின்றன? வயிற்றுக்குள் இருக்கும்போது அண்ணாக்கின் இடது பாதியும் வலது பாதியும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகின்றன. துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது தையலுக்குள் நூல் பிசிறு மாட்டிக்கொள்வதுபோல, அந்த ஒட்டுக்குள் கொஞ்சம் மேல்தோல் மாட்டிக்கொள்ளும். முரசு மேட்டில் இருப்பது வேறு மிச்சம். பல் உருவாவதற்காகக் கர்ப்பத்தின் ஆறாவது வாரம் அளவில் தோன்றும் ஒரு தகடு, தன் வேலை முடிந்ததும் கரைந்துபோகும். கரையாமல் தங்கிய துண்டுகள்தான் அங்கே நீர்க்கட்டி ஆகின்றன. போன் முடிச்சுகள் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மிச்சம் என்பார்கள். உள்ளே இருப்பது சீழ் இல்லை, கெரட்டின். நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே பொருள்.

வைத்தியம்? எதுவும் இல்லை. பால் குடிக்கக் குடிக்க, மேல்தோல் தேய்ந்து அவை தாமாக வெடித்துப் போகும். சில வாரத்தில் பெரும்பாலும் போய்விடும், மூன்று மாதத்துக்குப் பிறகு அபூர்வம். வலி கிடையாது. பல் வளர்வதைத் தடுக்கவும் மாட்டா.

இந்த முத்துகளோடு குழம்புவது இரண்டு. ஒன்று பால் படிவு, ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போய்விடும். மற்றது வாய்ப்பூஞ்சணம். இது முத்துப்போல உருண்டையாக இராது. தயிர் சிந்தியதுபோல நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும், துடைத்தால் எளிதில் போகாது, அடியில் சிவந்து காணும். இதற்கு வைத்தியர் தரும் பூஞ்சண மருந்து வேண்டும். தாயின் முலைக்காம்பில் எரிச்சல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒன்றாக மருந்து போடாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பிறக்கும்போதே பல்

இது கட்டி இல்லை. ஆனால் கட்டி என்று நினைத்து நிறையப் பேர் கொண்டுவருவார்கள், எதிராகவும் நடக்கும், ஆகவே சொல்லத்தான் வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறக்கும்போதே பல் இருக்கும். முதல் முப்பது நாளுக்குள் முளைப்பதும் உண்டு. பெரும்பாலும் கீழ் முன்பற்கள். தொட்டால் கடினமாக, ஓரம் கூராக இருக்கும். முத்துகளோ மழமழவென்று உருண்டையாக இருக்கும். இந்தப் பற்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முன்கூட்டி வந்த சாதாரண பாற்பற்கள்தான். பிடுங்கினால் அந்த இடத்துக்கு வேறு பாற்பல் வராது, ஆறேழு வயதில் வரும் நிரந்தரப் பல்வரைக்கும் இடைவெளிதான்.

அதனால் உறுதியாக நிற்கிற பல்லை விட்டுவைப்பதே என் விருப்பம். கூரான ஓரத்தை மெல்ல உரசி மழுக்கிவிடலாம். அப்படிச் செய்யாமல் விட்டால், பால் குடிக்கும்போது நாக்கின் அடிப்பக்கம் அதில் உராய்ந்து புண்ணாகும். ரீகா–ஃபெடே புண் என்று அதற்குப் பெயர். பல் தொங்கி ஆடினால் மட்டும் எடுக்கவேண்டும், கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து இருப்பதால். எடுப்பதற்கு முன் பிறந்தபோது விற்றமின் கே ஊசி போடப்பட்டதா என்று கட்டாயம் உறுதிசெய்வோம். முதல் பத்து நாளுக்குள் என்றால் இன்னும் கவனம். அந்த விற்றமின் இல்லாமல் இரத்தம் உறைவது கடினம். பதிவேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பல்லோடு பிறந்தால் மாமனுக்கு ஆகாது, மேற்பல் முந்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி, பிறந்து இரண்டு நாளில் பல்லைப் பிடுங்கச் சொல்லி வற்புறுத்துகிற உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் தாய்மாமனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் அவரே முன்னுக்கு நின்று, "பிள்ளைக்கு இரத்தம் போகக் கூடாது, பல் இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார். மாமன் சொன்ன பிறகு வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை.

பிறவி முரசுக்கட்டி

அரிதானது. ஆனால் பார்த்தவரை நடுங்க வைப்பது இதுதான். பிறந்த கணத்திலேயே வாயிலிருந்து இளஞ்சிவப்பாக, மழமழப்பாக ஓர் உருண்டை துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்குப் பயற்றங்காய் விதை அளவு, சிலருக்குக் கோழிமுட்டையைவிடப் பெரிது. பெரும்பாலும் மேல் முரசின் முன்பகுதியில், நடுவிலிருந்து சற்று விலகி, ஒரு காம்பில் தொங்கும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு எட்டு, பத்து மடங்கு அதிகம். பத்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும். ஏர்ன்ஸ்ட் நொய்மன் என்ற ஜெர்மன் நோயியல் வல்லுநர் 1871இல் இதைப் பதிவுசெய்தார், அதனால் நொய்மன் கட்டி என்றும் சொல்வார்கள்.

இதில் தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது: இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறியதும் இல்லை. பிறந்த பிறகு இது வளர்வதில்லை. எடுத்தால் திரும்ப வருவதில்லை, முழுவதும் எடுபடாமல் சிறிது மிஞ்சினால்கூட. அதனால்தான் சத்திர சிகிச்சை செய்பவர் சுற்றியுள்ள முரசையும் உள்ளிருக்கும் பல் முளைகளையும் தோண்டாமல், காம்போடு மட்டும் எடுக்கிறார். கர்ப்பத்தில் தாய் ஏதோ சாப்பிட்டதால், பார்த்ததால், கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது இல்லை. இதைச் சொல்லும்போது பக்கத்தில் மாமியார் நிற்பாரானால், அவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

கடைசி மூன்று மாதத்து ஸ்கேனில் இது சிலவேளை தெரிந்துவிடும். தெரிந்தால் அது நல்லது, பிரசவத்தைக் குழந்தை வைத்தியர்களும் மயக்க மருந்து வைத்தியரும் உள்ள பெரிய ஆசுபத்திரியில் வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்கு இடைஞ்சல் வருமானால் பிறந்த உடனே கைகொடுக்க ஆள் வேண்டும்.

சின்னக் கட்டி, குழந்தை முலையைப் பிடித்துக் குடிக்கிறது, மூச்சில் சிரமம் இல்லை என்றால் காத்திருக்கலாம். தானாகச் சுருங்கி மறைந்த குழந்தைகள் உண்டு. பெரிதாக இருந்து வாயை மூட விடாமல், பாலை உறிஞ்ச விடாமல் தடுத்தால் எடுக்கவேண்டும். அதுவரை முலைப்பாலைக் கறந்து சின்னக் கோப்பையால் ஊட்டுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் தொடவைத்தால் குழந்தை தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. இந்த நாட்களில் பால்மாவுக்குத் தாவிவிடாமல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கறந்துகொண்டே இருந்தால் பால் வற்றாது. சத்திர சிகிச்சை முடிந்து குழந்தை முலைக்கு வரும்போது பால் காத்திருக்கும்.

பல் முளைக்கும் நீலக்கட்டி

ஆறு மாதத்துக்குப் பிறகு வருவது. முளைக்கப் போகிற பல்லுக்கு நேர் மேலே, முரசு உப்பி நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ நாவல்பழ நிறத்தில் இருக்கும். பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் நீரோ கொஞ்சம் இரத்தமோ தேங்கியதால் வருவது. பல் வெளியே வந்ததும் உடைந்துபோய்விடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கொடுங்கள், குழந்தை கடிக்கட்டும். வாரக்கணக்கில் உடையாமல் வலித்தாலோ, சீழ் பிடித்தாலோ பல் வைத்தியர் சின்னதாகக் கீறிவிடுவார். இவ்வளவுதான்.

முதல் பல் வந்ததைக் கொண்டாடப் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கொழுக்கட்டை தலையில் கொட்டுவதோடு நிற்கட்டும். அதில் செருகிய தேங்காய்ச் சொட்டைக் குழந்தையின் வாயில் வைக்கவேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்.

இன்னொன்று. பல் முளைக்கும்போது எச்சில் வடியும், சிணுங்கும், சிலருக்கு உடம்பு லேசாகச் சுடும். 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லால் வருவதில்லை. டெங்குக் காலத்தில் மட்டக்களப்பில் "பல்லுக் காய்ச்சல்" என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம்.

சிவந்த கட்டி, நாக்கின் அடியில் பை

பிறந்து சில வாரத்தில் தோன்றி, செம்பருத்திச் சிவப்பில் பஞ்சுபோல வளர்வது இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயதுவரை வளர்ந்து பிறகு மெல்லச் சுருங்கும். இதைக் குத்தினால் இரத்தம் நிற்பது கஷ்டம். வேண்டிய குழந்தைகளுக்கு புரோப்பிரனொலோல் என்ற மருந்தைக் குழந்தை வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். நாக்கின் அடியில் நீலம் கலந்த, தண்ணீர் நிறைந்த பைபோல இருந்தால் அது உமிழ்நீர் தேங்கிய கட்டி. அவசரம் இல்லை, ஆனால் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். ஒரு கட்டி சில வாரத்திலேயே இரட்டிப்பாகிறது. மேல் தாடையின் முன்பகுதியில், நீலமோ கறுப்போ படர்ந்த நிறத்தில், அடியில் எலும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பல் இடம் தள்ளப்பட்டு முன்னுக்கு வருகிறது. உதடோ கன்னமோ ஒரு பக்கம் உப்பித் தெரிகிறது. இப்படியானால் பல் வரும் என்று காத்திருக்காதீர்கள், அந்த வாரமே காட்டுங்கள்.

குழந்தைப் பருவ மெலனோட்டிக் நரம்புத்தோல் கட்டி என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், மேல் தாடை முன்பகுதியில் வரும். அநேகமாகப் புற்றுநோய் இல்லாத வகைதான். ஆனால் வேகமாக வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டு போகும். பிறவி முரசுக்கட்டிக்கு நேர் எதிர்: இது பிறந்த பிறகு வளரும், எடுத்தாலும் திரும்ப வரக்கூடும், அதனால் சுற்றியுள்ள நல்ல பகுதியோடு சேர்த்து எடுக்கவேண்டியிருக்கும், வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவும் வேண்டும். அரிதாக வரும் தசைப் புற்றுநோய்களும் இந்த வயதில் வாயில் கட்டியாகத் தொடங்கலாம். ஒரு மாதம் முந்தினால் குழந்தையின் தாடையில் எவ்வளவு மிஞ்சும் என்பதே மாறிப்போகும்.

இவற்றுக்கும் மேலே, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது, நிற்காமல் இரத்தம் வருகிறது, பால் குடிக்கவே முடியவில்லை என்றால், இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வாகனம் தேடி அயலுக்கு ஓடி நேரம் போக்கவேண்டாம்.

நான்காவது: யாரிடம், எப்படிப் போவது

பிறந்த முதல் பத்து நாளுக்குள் மருத்துவமாது வீட்டுக்கு வருவார். அவரிடம் வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொப்புள், கண், மஞ்சள் நிறம் எல்லாம் பார்ப்பார், வாயையும் ஒரு டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடம்தான். பிறகு இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசி நாட்கள் இருக்கின்றன. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு அந்த நாட்களே போதும்.

சந்தேகம் அதற்கு மேலென்றால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரை நெடுக இருக்கின்றன. குழந்தை வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ காட்டலாம், யாரிடம் முதலில் போனாலும் மற்றவருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். மிகச் சிக்கலானவை கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்கோ கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போகும். மகாஓயா வழியாகக் கண்டிப் பக்கம் போவது கைக்குழந்தையோடு லேசான பயணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதம் தந்தால் போங்கள். திகதி தள்ளிவிட்டால் கடிதம் தந்தவரிடமே திரும்பி வந்து சொல்லுங்கள், பேசி முன்னுக்கு எடுக்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை.

கையோடு வேண்டியவை: பதிவேடு, திகதியிட்ட படங்கள், கர்ப்ப கால ஸ்கேன் அறிக்கை, இதுவரை வீட்டில் போட்ட மருந்து. கடைசியைப் பலர் மறைக்கிறார்கள். ஏசுவார்கள் என்ற பயம். எந்த மூலிகை, எந்தப் பூச்சு என்று உண்மையைச் சொல்லுங்கள். அது தெரியாமல் புண்ணைப் பார்த்தால் கட்டியின் குணம் என்று நாங்கள் தவறாக நினைக்கக்கூடும்.

ஐந்தாவது: ஆசுபத்திரியில் என்ன நடக்கும்

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்த்துச் சொல்வதோடு முடிந்துவிடும். எலும்பில் ஏதும் உண்டா என்ற கேள்வி வந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன். கட்டியை எடுத்தால் அதைக் கட்டாயம் நோயியல் ஆய்வுக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் பிறவி முரசுக்கட்டியின் கலங்கள் பெரிதாக, உள்ளே மணல் தூவியதுபோலக் காணும். அந்த அறிக்கை வந்ததா என்று கேட்டு வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி போய்விட்டதென்று அறிக்கையை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சின்னக் காம்பில் தொங்குவதை விறைப்பு ஊசி போட்டே எடுக்கமுடியும். பெரிதானால் முழு மயக்கம். மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்கவேண்டும்: தாய்ப்பாலென்றால் பொதுவாக நான்கு மணித்தியாலம், பால்மாவென்றால் ஆறு. சரியான நேரத்தை மயக்க மருந்து வைத்தியர் சொல்வார், அதை எழுதிக்கொள்ளுங்கள். அழுகிறதே என்று யாரும் தெரியாமல் ஒரு வாய் கொடுத்துவிடக் கூடாது. வயிற்றிலுள்ள பால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. தாதி வந்து கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சத்திர சிகிச்சை சில மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான்.

முடிந்து விழித்த பிறகு, அநேகமாக அன்றைக்கே முலைப்பால் கொடுக்கச் சொல்வார்கள். எச்சிலில் சிவப்பு கலந்து வருவது முதல் நாளில் இருக்கும். சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து வந்தால் தாதியைக் கூப்பிடுங்கள். வலிக்குப் பனடோல் எழுதித் தருவார்கள், அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. துளி மருந்தும் சிரப்பும் ஒரே செறிவு இல்லை. ஒன்றின் அளவை மற்றதில் ஊற்றிக் கொடுத்தால் ஈரல் பாதிக்கும். அஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடாதவை

ஊசியால் குத்துவது, நகத்தால் கிள்ளுவது, நூல் கட்டி இறுக்குவது. இந்த மூன்றாலும் வருகிற கிருமித்தொற்று, பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைக்கு இரத்தத்தில் பரவப் பல நாள் வேண்டாம்.

தேன். வாகரைக் காட்டுத்தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை விட்டு உடம்பைத் தளரவைக்கும். பொட்டுலிசம் என்பது அதுதான். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துப் பூசுவது இதைவிட மோசம். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரும்.

பார்மசியில் கிடைக்கிற பல்வலி ஜெல்கள். பென்சோகெயின் கலந்தவற்றை இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலமாகிவிடும். அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சலிசிலேட் உள்ளவையும் வேண்டாம். கேட்காமலே கொடுத்துவிடுகிற கடைகள் இருக்கின்றன, அதனால் பெட்டியில் உள்ள பெயரை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

வசம்பும் உப்பும் மஞ்சளும் படிகாரமும் முரசில் தேய்க்க வேண்டாம். பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மம்மாவையும் நான் ஏசவில்லை. புண்ணைக் காட்டி, வெள்ளை முத்தைக் காட்டி, எது எதனால் வந்தது என்று டோர்ச் அடித்து விளக்கினேன். அவரே குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப நாங்கதானே புள்ளையை நோகடிச்சிருக்கம்" என்றார். குழந்தையை இரண்டு நாள் வார்ட்டில் வைத்துக் கறந்த பால் கொடுத்தோம். ஐந்து வாரத்தில் முத்துகள் இருந்த அடையாளமே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற தாய்மாரில் சிலர், தங்களை அனுப்பியது அந்த அம்மம்மாதான் என்று சொல்கிறார்கள்.

எடுத்த இடத்தில் பல் வருமா?

எல்லாத் தாய்மாரும் கடைசியாக, கதவுவரை போய்த் திரும்பி நின்று கேட்பது இதைத்தான். முத்துகள், நீலக்கட்டி, பிறவி முரசுக்கட்டி மூன்றுக்கும் பதில் ஒன்றே: வரும், வழக்கமான காலத்தில் வரும். பெரிய முரசுக்கட்டி இருந்த இடத்தில் அரிதாகப் பல் வரப் பிந்தலாம் அல்லது குறையலாம், அதனால் கட்டி எடுத்த குழந்தைகளை ஒரு வயது ஆகும்போது மீண்டும் கொண்டுவரச் சொல்வேன். கீழ் முன்பல் ஆறு மாதத்தை ஒட்டியும் மேல் முன்பல் எட்டு, பத்து மாதத்திலும் எட்டிப்பார்க்கும். சிலருக்கு ஒரு வயது தாண்டும், அதுவும் சரிதான். முதல் பல் வந்த நாளைப் பதிவேட்டில் ஓர் ஓரத்தில் எழுதிவையுங்கள், அடுத்த முறை நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.